கூழ் குடித்த மறுநாள்

அவளுடைய மாமா அவளைக் கன்னத்தில் அறைந்தது, லாசால் என்ற புறநகர்ப் பகுதியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் பின்புறம், கார்கள் நிறுத்தும் இடத்தில். ஆடி மாதக் காலை. விடிந்து கொஞ்ச நேரத்திலேயே தார் கொதிக்கத் தொடங்கியிருந்தது. அவள் என் அப்பாவின் பனிக்கால அங்கியைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டியிருந்தாள். தலையில் கம்பளித் தொப்பி. அங்கிக்குள்ளே, உடம்போடு ஒட்டி, குப்பை போடும் கறுப்புப் பை ஒன்று. கழுத்துக்கும் கைகளுக்கும் அதில் ஓட்டை வெட்டிக் கொடுத்தது நான்தான். ஆற்றங்கரைவரை ஓடித் திரும்பி, மறுபடி ஓடித் திரும்பி, கடைசியில் ஒரு காரின் மேல் சாய்ந்து கண்ணை மூடினாள். அவர் அறைந்தார். கண்ணைத் திறந்தாள். “ஓடு” என்றார். ஓடினாள்.

மூன்றாம் மாடி பல்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா இதைப் பார்த்துவிட்டார். செருப்புக்கூடப் போடாமல் படிகளில் இறங்கி வந்தார். அந்த மனிதர் தன் சொந்தத் தீவு நாட்டில் சிறைக்காவலர். கழுத்து மரக்குற்றி மாதிரி இருக்கும். அம்மா அவருடைய நெஞ்சுயரம்தான். வந்த வேகத்தில் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார்.

“நிப்பாட்டும்! என்ரை வாசலில நிண்டு பொம்பிளைப் பிள்ளைக்குக் கை நீட்டுவீரோ நீர்? இன்னொருக்கா கை வைச்சுப் பாரும், முறிச்சு அந்தக் குப்பைத் தொட்டிக்குள்ள போடுவன்!”

அவருக்குத் தமிழ் தெரியாது. என்னைப் பார்த்தார். நான் ஒரு சொல்லும் குறைக்காமல் பிரெஞ்சில் சொன்னேன், குப்பைத் தொட்டி உட்பட.

“அடிக்காவிட்டால் தூங்கிவிடுவாள் என்று உன் அம்மாவிடம் சொல்,” என்றார் அவர், கையை இழுத்துக்கொள்ளாமலே. “தூங்கினால் வியர்வை நின்றுவிடும். வியர்வை நின்றால் இன்றைக்குச் சண்டை இல்லை.”

சொன்னேன். அம்மாவுக்கு அது விளங்கவில்லை.

“இப்பிடிப் போட்டு வதைக்கிற அளவுக்கு அந்தப் பிள்ளை என்னடி செய்தவள்?”

“உங்கடை கூழைக் குடிச்சவள்,” என்றேன்.

அம்மா அவருடைய மணிக்கட்டை விட்டார்.

அந்தக் கோடையில் பல நாடுகள் பங்குகொண்ட விளையாட்டு விழா ஒன்று எங்கள் நகரத்தில் நடந்தது. நான் அதில் தொண்டராகச் சேர்ந்தேன். பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்ததால், தண்ணீர்ப் போத்தல் கொடுக்க விடாமல், ஒரு நாட்டின் முழு அணிக்கும் இணைப்பாளராகப் போட்டார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குப் போன ஒரே ஆளும் நான். அம்மாவும் அப்பாவும் படிக்கவேண்டிய வயதில் ஷெல்லுக்குப் பயந்து ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தவர்கள். அப்பா ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறார். வீட்டுக்கு வருகிற அரசாங்கக் காகிதங்களைச் சின்ன வயதிலிருந்தே நான்தான் வாசித்துச் சொல்லி வருகிறேன். ஆகவே என் படம் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டபோது வந்த பெருமையை மறைக்கப் போவதில்லை. அட்டையோடேயே கோயிலுக்கு வா என்று அம்மா சொன்னார். போனேன். எல்லாரும் பார்த்தார்கள்.

எனக்குக் கிடைத்த நாடு இந்து சமுத்திரத்தில் ஒரு சின்னத் தீவு. தொடக்க விழா ஊர்வலத்தில் பெரிய நாடுகள் நடந்து முடியவே பொறுமை போய்விட்டது. எங்கள் ஆட்கள் கொடி பிடித்தவரோடு சேர்த்து அப்பா ஓட்டும் வானுக்குள் அடங்கிவிடுவார்கள். அதில் அவள் ஒருத்தி, ஐம்பது கிலோப் பிரிவில் குத்துச்சண்டைக்காரி. அந்தத் தீவிலிருந்து ஒரு பெண் சண்டை மேடையில் ஏறுவது அதுவே முதல் தடவை. அவளைப் பழக்கியவர் தாயின் தம்பி. வேறு பயிற்சியாளர் கிடையாது.

அவள் வெல்லுவாள் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை, அவளும்தான். ஆனால் தீவின் விளையாட்டு அதிகாரி ஒருவர் புறப்படும்போதே வானொலியில் சொல்லியிருந்தார்: பாதியில் அழுதுகொண்டு இறங்கி வருவாள், அதன்பிறகு அந்த இடத்தை ஆண்களுக்குக் கொடுத்துவிடுவோம். மாமாவின் தகரக் கொட்டகையில் அவளைப் பார்த்துப் பழகும் சின்னப் பெண்கள் ஒரு கூட்டம் இருந்தது. அதனால் அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். மேடை ஏறவேண்டும். கடைசி மணி அடிக்கும்போது அதே மேடையில் நிற்கவேண்டும். இதை அவள் என்னிடம் முதல் நாளே சொன்னாள், பல் துலக்கிக்கொண்டு, சாதாரணமாக.

சண்டைக்கு முந்தின நாள் ஓய்வு. என் அணியை வீட்டுக்கு ஒருநேரமாவது கூப்பிடாவிட்டால் முகத்தில் முழிக்காதே என்று அம்மா சொல்லியிருந்தார். மற்றவர்களுக்குப் போட்டி இருந்தது. இவளும் மாமாவும் வந்தார்கள்.

அம்மா ஒடியற் கூழ் காய்ச்சியிருந்தார். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் நண்டு, இறால், மீன், பயத்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, புளியும் செத்தல் மிளகாயும் கரைத்து ஒரு பெரிய பானையில். தனி ஆளுக்கு ஒருவரும் கூழ் காய்ச்சுவதில்லை. ஆட்கள் வந்தால்தான் கூழ். அப்பா சந்தையிலிருந்து நல்ல நண்டாகப் பொறுக்கி வந்திருந்தார். முதல் வாய் குடித்ததும் அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தாள். மாமா அவளைப் பார்த்தார். தங்கள் தீவிலும் இதே புளி, இதே உறைப்பு என்றார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாயால்தான் என்றார்.

முதல் கிண்ணம் முடிந்ததும் அவள் கையால் கிண்ணத்தை மூடி, போதும் என்றாள். அம்மாவுக்கு இடது காது கேட்காது. நான் கேட்கிற காதுப் பக்கமாகப் போய் நின்று சொன்னேன்.

“போதுமாம் அம்மா. நாளைக்குக் காலமை நிறுக்கிறவையாம்.”

“முதல் கிண்ணத்தில ஆர் போதாதெண்டு சொல்லுறது? மரியாதைக்குச் சொல்லுறாள். நீ பேசாமல் இரு.” அவளுடைய கையை விலக்கிவிட்டு அகப்பை நிறைய வார்த்தார். “குடி மோனை. எலும்பும் தோலுமாய் இருக்கிறாய். உன்னை ஒருத்தி குத்தினால் கொடியிலை காயிற சட்டை மாதிரிப் பறந்துபோவாய்.”

அப்பா சிரித்தார். அவளும் என்னவென்று தெரியாமல் சிரித்தாள். அவளுடைய தீவில் வயதான பெண் வார்த்ததை மிச்சம் விட்டால் அந்த வீட்டையே அவமதித்ததாகிவிடும். எங்கள் வீட்டில் விருந்தாளியின் கிண்ணம் வெறுமையாக இருந்தால் எங்களுக்கு அவமானம். அவள் முடிக்க முடிக்க அம்மா வார்த்தார். அம்மா வார்க்க வார்க்க அவள் முடித்தாள். இரண்டு பேரும் மரியாதையால் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். மாமாவும் தடுக்கவில்லை. அவருடைய வாய் நிறைய நண்டு.

கூழில் உப்பு. உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். மறுநாள் விடியுமுன் அவள் தங்கும் இடத்துத் தராசில் ஏறினாள், ஐம்பதுக்கு மேல் ஒரு கிலோவுக்குக் கிட்டக் காட்டியது. காலையில் அதிகாரிகள் நிறுக்கும்போது ஐம்பதுக்கு மேல் ஒரு துளி இருந்தாலும் சண்டை கிடையாது. கோடைகாலத்தில் பனிக்கால உடுப்பு எங்கே கிடைக்கும் என்று மாமா தொலைபேசியில் கேட்டார். எங்கள் வீட்டு அலுமாரியில், என்றேன்.

கார்கள் நிறுத்தும் இடத்தில் நின்று இதை அம்மாவுக்குச் சொல்லி முடித்தேன். அம்மா அப்பாவைக் கூப்பிட்டு வானின் சூடாக்கியை முழுதாகப் போடச் சொன்னார். கண்ணாடிகளை ஏற்றினார். அவளைப் பின்னால் ஏற்றி, தானும் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார்.

“அம்மா, நீங்கள் ஏன்?”

“அவள் நித்திரை கொள்ளாமல் நான் பாக்கிறன். அடிக்கத் தேவையில்லை எண்டு அந்தாளுக்குச் சொல்லு.”

உள்ளே அம்மா தமிழில் கதைத்துக்கொண்டே இருந்தார். அவள் தன் மொழியில் பதில் சொன்னாள். கண் சொருகும்போதெல்லாம் அம்மா அவளுடைய தொடையைத் தட்டினார். அவளுக்கு வாந்தி வந்தது. அம்மா பையைப் பிடித்தார். வாந்தியிலும் எடை குறையும் என்று மாமா வெளியே நின்று தலையசைத்தார். எனக்கு அவரை உதைக்கவேண்டும் போல இருந்தது. வாயைக் கொப்பளித்துத் துப்ப மட்டும் தண்ணீர் கொடுக்க நான் கதவைத் திறந்தபோது, அம்மா சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“பங்கருக்குள்ளையும் இதே வெக்கைதான் பிள்ளை. சத்தம் போடாதே எண்டு என்ரை அக்காதான் பொத்தி அறைஞ்சவ. அண்டையோட இந்தக் காது போச்சுது. நல்லதுக்குத்தான் அறைஞ்சவ. நல்லதுக்கு அறைஞ்சாலும் காது காதுதானே.”

ஊரில் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்து போன காது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். அம்மா என்னிடம் சொன்னதில்லை. மொழி தெரியாத பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தினேன்.

எடை பார்க்கும் அறைக்குள் மாமாவை விடமாட்டார்கள், பெண்கள் பகுதி. நான் அவளுக்கு முன்னால் துவாயை விரித்துப் பிடித்தேன். அவள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஏறினாள். ஐம்பதுக்கு மேல் இன்னும் ஒரு கையளவு தண்ணீரின் பாரம் இருந்தது. நேரம் முடியுமுன் மறுபடி வரலாம் என்றார் அதிகாரி. வெளியே நடைபாதையில் அவள் கயிறு தாண்டினாள். கயிறு காலில் சிக்கி முகம் குப்புற விழுந்தாள். எழுந்து தாண்டினாள். போத்தலில் எச்சில் துப்பினாள், எச்சில் வற்றியதும் விரலைத் தொண்டைக்குள் விட்டாள். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. மறுபடி ஏறினாள். ஐம்பது. புள்ளிக்குப் பின்னால் வெறும் பூச்சியங்கள். அதிகாரி கையெழுத்திட்டதும் அவள் தராசிலிருந்து என் மேலேயே சரிந்தாள். வெந்த கிழங்குபோல உடம்பு.

சண்டை பின்னேரம். இடையில் குடித்த தண்ணீரும் உறிஞ்சிய தோடம்பழமும் அவளுக்குப் போதவில்லை. கண்ணுக்குக் கீழே பள்ளம் விழுந்திருந்தது. இரண்டாவது பயிற்சியாளர் இல்லாத அணிகளுக்கு இணைப்பாளர் மேடை மூலையில் வாளி தூக்கலாம் என்று அனுமதித்திருந்தார்கள். ஆகவே வாளியும் துவாயும் என் கையில். எங்களுக்குப் பின்னால் முன்வரிசையில் அம்மாவும், சந்தையிலிருந்து நேரே வந்த அப்பாவும்.

“அடி வாங்கிறதுக்குக் கொடியும் பாட்டும் வேறை,” என்று அம்மா சொன்னது எனக்குக் கேட்டது.

எதிரி ஒரு பெரிய நாட்டுக்காரி. அவளுக்கென்று தனி மருத்துவர், பிடித்துவிட ஒருவர், தண்ணீர் கொடுக்க ஒருவர். கைகள் நீளம். மணி அடித்ததும் வந்து நேராக ஒரு குத்து விட்டாள். ஈரத் துணியைக் கல்லில் அடித்த சத்தம். எங்களவளுடைய தலை பின்னால் போய்த் திரும்பி வந்தது. அடுத்த குத்து. அடுத்தது. மூக்கிலிருந்து ரத்தம் தெறித்து என் தொண்டர் சட்டையின் மேல் விழுந்தது. தள்ளி நின்று தொலைக்காட்சியில் பார்க்கும்போது குத்துச்சண்டைக்குச் சத்தம் கிடையாது என்பதை அன்றுதான் அறிந்தேன். பக்கத்தில் நின்றால் ஒவ்வொரு குத்திலும் மூச்சு உடைகிறது கேட்கும்.

இரண்டாம் சுற்றில் விலாவில் ஒன்று விழுந்தது. அவள் முழங்காலில் இறங்கினாள். நடுவர் எண்ணத் தொடங்கினார். எழுந்தாள். நடுவர் அவளுடைய கண்ணைப் பார்த்தார், கையுறையைத் துடைத்துவிட்டார், சண்டையைத் தொடர விட்டார். எதிரி வந்து அதே விலாவில் மறுபடி குத்தினாள். இந்த முறை இவள் விழவில்லை. எதிரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவளுடைய தோளில் ரத்தத்தைத் தேய்த்தாள்.

மூலைக்கு வந்து உட்கார்ந்தாள். மாமா மூக்கில் பஞ்சை அடைத்தார். தண்ணீர் கேட்கக் குனிந்தவள்போல என் பக்கம் குனிந்து பிரெஞ்சில் சொன்னாள்: “துவாயை அவரிடம் கொடுக்காதே. என்னை முழுசாகத் திருப்பிக் கொண்டுவருவதாக என் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். எறிந்துவிடுவார்.”

மேடைக்குள் துவாய் விழுந்தால் சண்டை அந்த இடத்திலேயே முடிந்தது. அணி பின்வாங்கியது என்று எழுதிவிடுவார்கள்.

மூன்றாம் சுற்று, அதுவே கடைசி. அவளுடைய கைகள் தாழ்ந்துவிட்டன. எதிரி மூலைக்குள் தள்ளி இரண்டு கையாலும் அடித்தாள். எங்கள் மூலைக்குள்தான். கயிறு என் முகத்துக்கு நேரே அதிர்ந்தது. அவளுடைய முதுகு என் கைக்கெட்டும் தூரத்தில் வந்து வந்து மோதியது. மாமா என் பக்கம் கையை நீட்டினார்.

“துவாய்.”

நான் அதை முஷ்டியைச் சுற்றி இறுக்கினேன்.

“கொடு!”

பின்னாலிருந்து அம்மா கத்தினார். “எறி பிள்ளை! அந்தத் துணியை எறியடி! சாகப்போறாள்!”

மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார், காலையில் அம்மா அவருடையதைப் பிடித்த மாதிரி. எலும்பு நொறுங்குவதுபோல் இருந்தது. நான் அவரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தேன். ஒரு கணம் திரும்பினாள். ஒரு கண் மூடிவிட்டது. மற்றது திறந்திருந்தது, தெளிவாக, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொடுக்கவில்லை. அவர் முறுக்கினார். நான் வாளியை உதைத்துக் கவிழ்த்தேன். பனித்தண்ணீர் அவருடைய சப்பாத்துக்குள் போனது, பிடி தளர்ந்தது.

அப்போதுதான் எதிரி களைத்துப்போய்க் கையைக் கொஞ்சம் இறக்கினாள். இவள் கீழிருந்து ஒரு குத்து விட்டாள். ஒன்றுதான். எதிரியின் தாடை பக்கவாட்டில் போனது, வாய்க்காப்பு பறந்து மேடையில் உருண்டது. மண்டபம் முழுக்க எழுந்து கத்தியது. எதிரி பின்னால் தள்ளாடினாள். இவளுக்குத் துரத்திப் போகக் கால் இல்லை. நின்ற இடத்திலேயே கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மணி அடித்தது.

எல்லா நடுவர்களும் எதிரிக்கே புள்ளி கொடுத்தார்கள். தோல்வி. ஆனால் மூன்றாம் சுற்று முடிவில், புள்ளிகளின்படி என்றுதான் வாசித்தார்கள். அவளுடைய நாட்டின் பெயரையும் வாசித்தார்கள், உச்சரிப்பைக் கொலை செய்து.

மருத்துவர் அவளுடைய கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, மூக்கை நிமிர்த்தி, உதட்டில் தையல் போட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். நடைபாதையில் மாமா சுவரோடு உட்கார்ந்திருந்தார்.

“நீ தீவைப் பற்றி யோசித்தாய்,” என்றார் என்னிடம். “நான் என் அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன்.”

நான் பதில் சொல்லுமுன் அம்மா வந்துவிட்டார். வந்ததும் என் தோளில் முஷ்டியால் குத்தினார். வாழ்க்கையில் அதுவரை என்னை அடித்ததில்லை.

“படிச்சனீ எண்டு நெஞ்சில ஈரமில்லையோ உனக்கு? நான் கத்தினது கேக்கேல்லையோ? மாமன்காரன் கேட்டது கேக்கேல்லையோ?”

“எல்லாம் கேட்டதம்மா.” மணிக்கட்டு வீங்கி இருந்தது. அதை மறைக்கவில்லை. “அவள் கொடுக்கவேண்டாமெண்டவள். நேற்றைக்கும் அவள் வாய்திறந்து சொன்னவள், போதும் எண்டு. நேற்றைக்கு ஆர் கேட்டது?”

அம்மா மறுபடி கையை ஓங்கினார். ஓங்கிய கை அங்கேயே நின்றது. அப்பா மெல்ல, “விடும் அப்பா,” என்றார். எங்கள் ஆட்களில் புருஷன் மனைவியையும் அப்பா என்றுதான் கூப்பிடுவார். அம்மா கையை இறக்கினார்.

நான் செய்தது சரி என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவளுடைய தாயின் முன்னால் நின்று அதைச் சொல்லும் நிலை எனக்கு வரவில்லை.

மருத்துவ அறையில் அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள், மூக்கின் மேல் கட்டு. அப்பா சந்தைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் பிளாஸ்க் அம்மாவின் பையில் இருந்தது. எடுத்து மூடியைத் திறந்தார். புளியும் நண்டும் மணத்தது. மாமா தலையைத் தூக்கினார். அம்மா கிண்ணத்தை எடுத்து வைத்தார். வார்க்கவில்லை.

“அவளைக் கேள்,” என்றார் என்னிடம். “வேணுமோ எண்டு கேள். வேண்டாமெண்டால் வேண்டாம்.”

கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

“ஓமெண்டுறாளோ?”

“ஓமாம்.”

அரைக் கிண்ணம் வார்த்துக் கொடுத்தார். அவள் ஒரு வாய் குடித்தாள். உப்பும் மிளகாயும் தையல் போட்ட உதட்டில் பட்டதும் கட்டிலில் ஒரு உதை விட்டு, தன் மொழியில் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள். மாமா வெடித்துச் சிரித்தார். அவள் கண்ணில் தண்ணீர் வடிய வடியக் குடித்து முடித்தாள். பிறகு வெறும் கிண்ணத்தை அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா பிளாஸ்கைத் தூக்கினார், ஆனால் சரிக்கவில்லை.

“நாளைக்கும் நிறுக்கிறவையோ பிள்ளை?”

“இல்லையம்மா,” என்றேன். “இனி நிறுக்கமாட்டினம்.”

அம்மா பிளாஸ்கைச் சரித்தார்.